ஒருவேளைச் சாமியின் தொப்பை

ஒரு நாளைக்கு ஒருவேளைதான் சாப்பிடுவார். அதனால் ஊரில் அவரை ஒருவேளைச் சாமி என்பார்கள். வயது நாற்பத்தாறு. ஒரே சீடர் வீரபாகு, ரிட்டயரான பஸ் கண்டக்டர். குருவைவிடப் பதினாறு வயது மூத்தவர். மடத்தில் சமைப்பதும் அவர்தான்.

நாலைந்து வருஷமாகச் சாமிக்குக் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. கையும் காலும் குச்சியாயின. தொப்பை மட்டும் காவி வேட்டியைத் தள்ளிக்கொண்டு வளர்ந்தது. ஊர் வாய் சும்மா இருக்குமா? சாமி கதவைச் சாத்திக்கொண்டு பிரியாணி தின்கிறார் என்றார்கள். உலை வைக்கிற வீரபாகுவுக்கு அது பொய்யென்று தெரியும். ஆனாலும் மனசு கிடந்து தவித்தது.

ஒரு நாள் மடத்துப் படி ஏறும்போது சாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை இருவரும் டவுனுக்கு இருதய டாக்டரைப் பார்க்கப் போனார்கள்.

அங்கே வீரபாகுவால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போனார், வந்தார். கடைசியில் கேட்டேவிட்டார்.

"சாமி, ஒருவேளைதான் சாப்பிடுதீங்க. வயிறு மட்டும் ஏன் இப்படி?"

"பதினெட்டு வருஷமா எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுதேன், அண்ணாச்சி."

யார் காதிலாவது விழுந்ததா என்று வீரபாகு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நோயும் மாத்திரையும் சேந்து சில பேருக்குக் கொழுப்பை இடம் மாத்திருமாம். கன்னத்துல குறையும், வயித்துக்குள்ள சேரும். அது நெஞ்சுக்கு ஆகாது. அதுக்குத்தான் வந்திருக்கோம்."

வீரபாகு தண்ணீர் குடிக்கப் போனார். குடிக்காமலே திரும்பி வந்தார். அதற்குள் நர்ஸ் ஒரு ஃபாரம் கொடுத்துவிட்டுப் போனாள். வீரபாகுதான் அதைச் சாமியிடமிருந்து வாங்கி நிரப்பினார்.

சாமி எட்டிப் பார்த்தார். "வேறு நோய்கள்" என்ற இடத்தில் "இல்லை" என்றிருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"அந்த நர்ஸ் நம்ம ஊர்ப் பிள்ளை, சாமி. பிரியாணி தின்னீங்கன்னு பேசினா பேசிட்டுப் போறாங்க. இது வேண்டாம்."

"இங்க தர்ற மருந்து என் மாத்திரையோட ஒத்துப்போகுமான்னு டாக்டர் பாக்கணும்லா?"

"மடத்துக்கு ஒருத்தன் வரமாட்டான், சாமி!"

சாமி பேனாவை வாங்கினார். "இல்லை"யை அடித்துவிட்டு, நோயின் பேரையும் மாத்திரைகளின் பேரையும் நிதானமாக எழுதினார். ஃபாரத்தை வீரபாகுவிடமே நீட்டினார்.

வீரபாகு அதை வாங்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"உங்க பேரைக் காப்பாத்தணும்னுதான் அப்படி எழுதினேன், சாமி."

"பேரு நல்லாத்தான் இருக்கும், அண்ணாச்சி. நான்தான் இருக்கமாட்டேன்."