எரிந்த கோயிலுக்குள் வந்தவர்

கருமணல்துறையில் சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்துவந்தவர் சவரியாயி அம்மாள். கடலோரத்தில் சிப்பி பொறுக்கிச் சுமந்து வந்து, காளவாயில் கொட்டிச் சுடுவது அவர் தொழில். சுண்ணாம்பு அரித்த விரல்களில் நகம் சரியாக வளர்ந்ததில்லை. தீ மூட்டுமுன் நாள்தோறும் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இன்றைக்கு நான் நடக்க வேண்டிய வழியைக் காட்டும்" என்பார். வேறு ஜெபம் அவருக்கு அதிகம் தெரியாது.

அந்த ஊர் நிலமெல்லாம் ஒரு பண்ணையாருடையது. தம் கூலியாட்கள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, ஓலைக் கோயில் கட்டி, ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மறுத்தது அவருக்குப் பொறுக்கவில்லை. கோயிலைப் பிரித்தெறிய அடியாள் வீரணனை அனுப்பினார். வாசலில் மறித்து நின்றவர் சவரியாயியின் கணவர் சூசை. வீரணன் பூண் போட்ட தடியால் அவர் தலையில் அடித்தான். விழுந்தவரை மறுபடியும் அடித்தான். மண்டை பிளந்து, மனைவியின் மடியிலேயே சூசையின் உயிர் போயிற்று.

"கும்பிட்டியே, உன் சாமி வந்து தடியைப் பிடிச்சாரா?" என்று காளவாயில் உடன் வேலை செய்தவர்களே கேட்டார்கள். அதே கேள்வி சவரியாயிக்குள்ளும் இருந்தது. தடி தரையில் தட்டும் ஓசை கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார். வழி காட்டும் என்று கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் முழங்காலில் நிற்பதை அவர் விடவில்லை. "நீர் இருக்கிறீரா என்று தெரியவில்லை, ஆண்டவரே. நான் இங்கே இருக்கிறேன்" என்பார்.

பெரிய வெள்ளிக்கிழமை நண்பகல். மறுபடி கட்டிய கோயிலில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். பிந்தி வந்த சவரியாயி, வீரணனும் ஆட்களும் கதவுக்கு வெளியே உலக்கையைக் குறுக்கே செருகிவிட்டுக் கூரையில் தீ வைப்பதைக் கண்டார். வேலியோரம் பதுங்கினார். உள்ளே பிள்ளைகள் அலறின. கால்கள் கடற்கரைப் பக்கம் ஓடத் துடித்தன. ஓடியிருந்தால் யாரும் பழித்திருக்க மாட்டார்கள். பல மாதங்களுக்குப் பின் அந்தப் பழைய ஜெபம் வாயில் வந்தது. "ஆண்டவரே, எந்தப் பக்கம்?"

குரல் எதுவும் கேட்கவில்லை. பயமும் போகவில்லை. ஆனால் போக வேண்டியது கதவுப் பக்கம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பக்கமே நடந்தார்.

"ஏளா, உன் புருசன் போன இடத்துக்கே போகணுமா?" என்றான் வீரணன்.

"கதவைத் திறக்கணும். தள்ளி நில்லும்."

தடி இடக்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த ஓசை அவருக்கே கேட்டது. அடுத்த அடி முதுகில். வலக்கையால் உலக்கையை உருவி எறிந்தார். உள்ளிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வெளியே பாய்ந்தார்கள்.

வெறி தணியாத வீரணன் பீடத்துச் சிலுவையை உடைக்க உள்ளே ஓடினான். எரிந்த விட்டம் முறிந்து அவன் இடுப்பின்மேல் விழுந்தது. அவன் ஆட்கள் ஓடிவிட்டார்கள். அவன் கதறல் மட்டும் கேட்டது.

"வேகட்டும்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

சூசையின் இரத்தம் சவரியாயியின் கண்முன் வந்தது. இந்த முறை அவர் வழி கேட்க நிற்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்திருந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தீக்குள் நுழைந்தார். வெளியே வந்தபோது முகத்தில் பாதி வெந்திருந்தது. ஒற்றைக் கையால் வீரணனை இழுத்துக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் வீரணனுக்கு நினைவு திரும்பியது. பக்கத்துப் பாயில் கிடந்த சவரியாயியைப் பார்த்து, "அம்மா, உங்ககூட வந்தது யாரு?" என்று கேட்டான்.

"யாரும் வரல்லையே. நான் தனியாத்தான் வந்தேன்."

"இல்லம்மா. நீங்க என் தோளைப் பிடிச்சீங்க. விட்டத்தைத் தூக்கினது அவர். உங்க புருசன்தான் வந்துட்டாருன்னு பயந்தேன். அவர் இல்ல. இவர் உள்ளங்கையில ஆணி அடிச்ச ஓட்டை இருந்துச்சு."

சூசை இறந்த அன்றும் அழாத சவரியாயி அப்போது அழுதார். நடக்க முடிந்ததும் வீரணன் தானாகவே போலீஸ் கச்சேரிக்குப் போய்க் கொலையை ஒப்புக்கொண்டான்.

துணை வருபவரைக் காணாமலே நெருப்புக்குள் நடந்த அந்த அம்மையாரின் பாதங்களை வணங்குவோம்.