பூவராகர் வளர்த்த உண்ணி

ஒரு ஊர்ல, ஊருன்னா தேரும் தெருவும் இருக்கிற ஊரு இல்ல, மேகம் வாசலுக்கே வந்துட்டுப் போற மலை ஊரு, அங்க பொம்மின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் இல்ல, புள்ள இல்ல, ஒரு குடிசையும் கொஞ்சம் ஆடுங்களும்தான் அவளுக்கு. வாய் மட்டும் ரொம்பப் பெரிசு, இந்தச் சரிவுல பேசினா அந்தச் சரிவுல கேக்கும்.

அந்த மலை பூரா ஊசிமரம். இப்ப பைன் மரம்னு சொல்றாங்களே, அதேதான். வருசம் பூரா ஊசி ஊசியா கொட்டிக்கிட்டே இருக்கும். கொட்டி கொட்டி மெத்தை மாதிரி சேர்ந்துட்டா புல்லு எப்படி முளைக்கும், சொல்லுங்க? அதனால மலைச்சனங்க தை மாசத்துல, பனி ஈரம் காயாத காலையில, காத்து அடங்கி இருக்கிறப்போ, மேட்டுல இருந்து பள்ளத்தைப் பார்த்து மெதுவா இறங்குற மாதிரி சின்னதா நெருப்பு வைப்பாங்க. எம்மாம் சின்னது? கணுக்கால் உசரம். பச்சைக் கொப்பை வச்சுக்கிட்டு கூடவே நடப்பாங்க, மீறிப் போனா ஒரே அடி. அப்புறம் சருகு எரியும், ஆட்டு ரத்தம் குடிக்கிற உண்ணி சாகும், பட்டையைத் துளைக்கிற வண்டு சாகும், பெரிய மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு மழை பெஞ்சாப் போதும், புல்லும் நெல்லிக் கன்னும் முட்டிக்கிட்டு வந்துடும். நீங்க யாராச்சும் தீப்பெட்டியைத் தொட்டீங்க, தோலை உரிச்சுடுவேன். அது தெரிஞ்சவங்க செய்ற வேலை.

இப்படி இருக்கையில, ராஜா காட்டுக்குன்னே ஒரு மந்திரியை வச்சாரு. பேரு பூவராகர். அவருக்கு ஒரு வியாதி. காய்ச்சலா? இல்ல. இருமலா? இல்ல. நல்லதா எதைப் பார்த்தாலும் "நான்தான்"னு சொல்ற வியாதி. மழை பெஞ்சா "நான்தான் வரச் சொன்னேன்"பாரு. மயில் ஆடினா "நான்தான் சொல்லிக் குடுத்தேன்"பாரு.

அவரு ஒரு தை மாசம் மலையேறி வந்தாரு, வந்து பார்த்தா தரை பூரா கறுப்பு. "ஐயையோ, காட்டைக் கரியாக்கிட்டீங்களே! இனிமே ஒரு பொறி வச்சாலும் வச்சவங்க மலையை விட்டே போகணும்"னு சட்டம் போட்டாரு. போட்டுட்டு, கறுப்புத் தரை கண்ணை உறுத்துதுன்னு, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து வந்த ஒரு செடியைக் கொண்டாந்து நட்டாரு. மஞ்சளும் ரோசுமா பூக்குமே, உண்ணிச்செடி, அது.

அப்புறம் என்ன? முதல் வருசம் சருகு கணுக்காலுக்கு வந்துச்சு. அடுத்த வருசம் முழங்காலுக்கு வந்துச்சு. அதுக்கடுத்த வருசம் இடுப்புக்கே வந்துடுச்சு. உண்ணிச்செடி புதரா மண்டி மத்த செடியை எல்லாம் அமுக்கிடுச்சு. ஆடு அதைத் தின்னா வயிறு உப்பும், தின்னாட்டி பட்டினி. காது பூரா உண்ணி வேற. பொம்மி பார்த்தா, பார்த்தா, பொறுக்க முடியல. "சித்திரை வெயில்ல ஒரு இடி விழுந்தாக்கூட காடும் போச்சு, நாமளும் போனோம்"னு சொல்லிட்டு, தையில ஒரு காலையில தன் குடிசையைச் சுத்தி மட்டும் பழையபடி நெருப்பு வச்சு அணைச்சா. மந்திரியோட ஆளுங்க புகையைப் பார்த்துட்டாங்க.

"மூட்டையைக் கட்டு"ன்னாரு பூவராகர். "ராஜாவே நேர்ல வந்து தண்டனை சொல்லப் போறாரு. என் காட்டையும் பார்த்தாப்புல இருக்கும்."

பொம்மிக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அந்த மலையை விட்டா அவளுக்கு வேற மண்ணு தெரியாது. கீழ்நாட்டுல அவளை "வாடி"ன்னு கூப்பிட ஒரு ஆள் கிடையாது. நல்லா அழுதா. அழுதுட்டு முந்தானையில மூக்கைச் சிந்தினா, சிந்தினதும் புத்தி வேலை செய்ய ஆரம்பிச்சுடுச்சு.

ராஜா வந்து சேர்றதுக்குள்ள ஒரு மழையும் பெஞ்சு ஓஞ்சுடுச்சு. வந்ததும் பொம்மி கையைக் கட்டிக்கிட்டு நின்னா. "சட்டத்தை மீறினது நெசந்தான் சாமி, போயிடுறேன். ஆனா மந்திரி ஐயா வளர்த்த காட்டை ஒருக்கா நடந்து பார்த்துட்டு அப்புறம் தண்டனை சொல்லுங்க. எவ்வளவு அருமையான காட்டுல கை வச்சேன்னு தெரியணுமில்ல?"

பூவராகருக்கு வாயெல்லாம் பல்லு. "வாங்க மகாராஜா, வாங்க!"

முதல்ல உண்ணிச்செடி. "எம்மாம் பூவு! இதெல்லாம் யாரு ஐயா வளர்த்தது?"ன்னா பொம்மி. "நான்தான்!"னாரு அவரு. ராஜா ஒரு பூவைப் பறிக்கக் குனிஞ்சாரு, முள்ளு பட்டு அங்கவஸ்திரம் டர்ருனு கிழிஞ்சுது.

அப்புறம் சருகு. "எம்மாம் மெத்தை! இதெல்லாம் யாரு ஐயா சேர்த்து வச்சது?" "நான்தான்! ஒரு பொறி படாம சேர்த்தது!" ராஜா ஒரு காலை வச்சாரு. ஊசிச் சருகு வழுக்கும்னு அவருக்கு எப்படித் தெரியும்? கிரீடம் முன்னால உருண்டு போக, ராஜா பின்னால சறுக்கிப் போக, ரெண்டும் பள்ளத்துல ஒரு புதர்ல போய் முட்டி நின்னுச்சு. அடேய், சிரிக்காத, ராஜாவுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு.

எழுந்து நின்னாரு. கழுத்துல குறுகுறுன்னுச்சு. அக்குள்ல குறுகுறுன்னுச்சு. அப்புறம் வெளியில சொல்ல முடியாத இடத்துல எல்லாம் குறுகுறுன்னுச்சு. "என்னடி இது?"ன்னு கத்தினாரு.

பொம்மி ரொம்பப் பணிவா சொன்னா: "உண்ணி சாமி. முன்னெல்லாம் தை நெருப்புல செத்துப்போகும். இப்ப யாரோ ஒரு மகராசன் சாக விடாம பாசமா காப்பாத்தி வச்சிருக்காரு. யாரு ஐயா அது?"

"நான்தா..."ன்னு பழக்கத்துல வந்துடுச்சு பூவராகருக்கு. சட்டுனு ரெண்டு கையாலயும் வாயைப் பொத்தினாரு. வந்தது வந்ததுதானே!

ராஜா சொறிஞ்சுக்கிட்டே பொம்மி குடிசைக்கு நடந்தாரு. அங்க மரத்துக்கு அடியில மட்டும் லேசாக் கறுப்பு, மேல உச்சி வரைக்கும் பச்சை. கரிக்கு நடுவுல இளம்புல்லு, அதுல ஆடுங்க. அங்க உட்கார்ந்து பார்த்தாரு, புதுசா ஒரு உண்ணிகூட ஏறல.

"பொம்மி எங்கயும் போக வேண்டாம். எப்ப, எங்க, எப்படி நெருப்பு வைக்கிறதுன்னு இனிமே இவளும் இந்தச் சனங்களும் சொல்றதுதான் சட்டம்"னாரு ராஜா. "பூவராகரே, நீர் வளர்த்ததை நீரே எடும்."

"எதை மகாராஜா?"

"எல்லாத்தையும். முதல்ல என் முதுகுல இருந்து ஆரம்பியும்."

பொம்மிக்கு வந்த சந்தோசத்துல ஒரு ஆட்டைத் தூக்கி முத்தம் குடுத்துட்டா. அப்புறம் வருசா வருசம் தையில நெருப்பு, மழைக்குப் பின்னால புல்லு. பூவராகர் கதி என்னாச்சா? ராஜா முதுகு முடிஞ்சுது, ஆட்டுக் காது முடிஞ்சுது, உண்ணிச்செடி மட்டும் முடியல. மேலால பிடுங்கினா வேர் தங்கும், தங்கினா திரும்பத் தழைக்கும். பொம்மி பாறை மேல உட்கார்ந்துக்கிட்டு, "வேரோட ஐயா, வேரோட!"ன்னு கத்துவா. அவரு முள்ளுக் குத்தின விரலை வாயில வச்சுக்கிட்டுக் குனிவாரு.

அதனால கண்ணுகளா, எல்லாத்துக்கும் நான்தான் நான்தான்னு பேர் வாங்க அலையாதீங்க, அலைஞ்சா உண்ணிக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். கதை தீர்ந்துச்சு, கண்ணை மூடுங்க.

இரு இரு, தூக்குச்சட்டியில வச்சிருந்த அதிரசத்தை யாரு தின்னது? இப்ப மட்டும் "நான்தான்"னு சொல்ல ஒரு வாயையும் காணோமே!