புளிக்குழம்பு நேரலை

மதுரையில் மசாலாப்பொடி விற்றுக் கோடிகள் சேர்த்து, சொந்தமாக டிவி சேனலும் நடத்திவந்தார் தில்லைவிநாயகம். அவருடைய விளம்பரங்கள் எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான்: 'எங்கம்மா கைப்பக்குவம்.'

அறுபதாவது பிறந்தநாளுக்கு நேரலை நிகழ்ச்சி ஏற்பாடானது. சேனல் கேண்டீன் சமையல்காரி புஷ்பத்தைக் கூப்பிட்டார். "எங்கம்மா வைக்கிற மாதிரியே புளிக்குழம்பு மேடைக்கு வரணும். ருசி மாறினா உனக்கு வேலை இல்ல."

"சரிங்கய்யா" என்றாள்.

அன்று மேடையில் இரண்டு கிண்ணங்களை வைத்தாள். "இதுல எதுங்கய்யா அம்மா பக்குவம்? நீங்களே சொல்லிடுங்க."

முதல் கிண்ணத்தை ருசித்துவிட்டு ஒதுக்கினார். "சப்புன்னு இருக்கு." இரண்டாவதை ருசித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "இதுதான். எங்கம்மா கையேதான்."

அரங்கம் கைதட்டியது.

"அது நம்ம பாக்கெட் பொடி போட்டு நான் வெச்சதுங்கய்யா" என்றாள் புஷ்பம். "நீங்க ஒதுக்கினதுதான் உங்கம்மா வெச்சது. காலையில சிவகிரிக்கு பஸ் ஏறிப் போய் அவங்ககிட்டயே வாங்கிட்டு வந்தேன்."

கைதட்டல் நின்றது. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா வீட்டு வாசலை அவர் மிதித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

குனிந்த தலையோடு கேட்டார், "அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலீங்கய்யா. உங்களுக்குன்னதும் இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தினாங்க."