கூட்டாஞ்சோற்றுச் சுருள்

“முடியலைம்மா” என்றார் மாசிலாமணி.

நாச்சியாரம்மா கிணற்றடியில் கறிவேப்பிலை அலசிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எது முடியல?”

“எல்லாந்தான்.”

மாசிலாமணிக்கு அறுபத்து மூன்று வயது. பஸ் டெப்போவில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாச்சியாரம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. மாசிலாமணி அவரை அம்மா என்பார். அவர் மாசிலாமணியை ஐயா என்பார்.

“நாளைக்கு அந்த முதியோர் இல்லத்துக்குப் போன் பண்ணிச் சொல்லணும். வடிவைக் கொண்டாந்து விடலாம்னுட்டாங்க. படுக்கை காலியா இருக்காம்.”

வடிவு அவர் மனைவி. ஆறு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் பாதிதான் வரும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைப்பது, எல்லாம் மாசிலாமணிதான். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் வடிவின் தங்கை வந்து பார்த்துக்கொள்வாள். அந்த அரை நாளில் அவர் மடத்துக்கு வந்து போவார்.

அடுத்த வாரம் அந்தத் தங்கையும் மகனோடு ஓசூருக்குக் குடிபோகிறாள்.

“வடிவம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

“சொன்னா, சரின்னுருவா.”

நாச்சியாரம்மா கறிவேப்பிலையை உதறினார்.

“இது தப்பாம்மா? அதை மட்டும் சொல்லுங்க. நான் போயிருதேன்.”

“பையில என்ன இருக்கு?”

மாசிலாமணி தன் கையிலிருந்த பையைப் பார்த்தார். அதை மறந்தே போயிருந்தார்.

“சுருளுக்குச் சாமான். இன்னைக்குக் கூட்டாஞ்சோறுல்லா. நேத்தே உருட்டி வச்சிருக்கணும். அவளுக்கு ஒரே இருமல். உக்கார விடல.”

“அப்போ முதல்ல அதைச் செய்வோம்.”

“நான் ஒன்னு கேட்டேன்.”

“காதுல விழுந்துது.”

*

முதல் ஞாயிறு மத்தியானம் மடத்தில் தனியாகச் சமையல் கிடையாது. வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்று செய்து கொண்டுவருவார்கள். புளியோதரை, சுண்டல், அவியல், வாழைக்காய் வறுவல். எல்லாவற்றையும் நடுவில் வைத்து, எல்லாரும் எடுத்துச் சாப்பிடுவார்கள்.

மாசிலாமணி கொண்டுவருவது டார்ட்டிலா சுருள்.

அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த அக்கா மகள் சொல்லிக்கொடுத்தது. டார்ட்டிலா என்பது அந்த ஊர்ச் சப்பாத்தி. டவுனில் பெரிய கடையில் பாக்கெட்டாகவே கிடைக்கிறது. அதன்மேல் கட்டித் தயிரும் பனீரும் பிசைந்து தடவி, காய்கறி தூவி, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, துண்டு போட வேண்டும்.

அவருக்கு அது பிடித்துப்போனதற்கு ஒரே காரணம், அடுப்பு வேண்டாம். வடிவு கூப்பிட்டால் பாதியில் விட்டுவிட்டுப் போகலாம். எதுவும் தீயாது.

*

அடுக்களையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

மாசிலாமணி துணியை அவிழ்த்தார். இரவு முழுக்கத் தொங்கவிட்டிருந்த தயிர் வெண்ணெய் மாதிரி திரண்டிருந்தது. அதில் பனீரை உதிர்த்துப் போட்டுப் பிசைந்தார். கேரட்டைத் துருவினார். குடைமிளகாயையும் கொத்தமல்லியையும் பொடியாக அரிந்தார். கொஞ்சம் சீரகத்தூள் தூவிக் கலந்தார்.

நாச்சியாரம்மா கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“ம்.”

ஆளுக்கு ஒரு டார்ட்டிலாவை எடுத்துக்கொண்டார்கள். மாசிலாமணி கரண்டியின் முதுகால் மெல்லியதாகத் தடவினார். நாச்சியாரம்மா நான்கு கரண்டி அள்ளி வைத்துச் சுருட்டினார். நடுவில் கிழிந்து, வெள்ளையாகப் பிதுங்கி, கையெல்லாம் ஆனது.

“இவ்வளவு வைக்கக்கூடாதும்மா. விளிம்புல ஒரு விரல் எடம் விடணும்.”

“அப்படியா?”

“பைய. அமுக்காம, லேசா இழுத்தாப்புல உருட்டணும்.”

நாச்சியாரம்மா அடுத்ததையும் கிழித்தார். மாசிலாமணி அதை வாங்கி, வேறொரு டார்ட்டிலாவில் மாற்றி, தானே உருட்டினார்.

மூன்றாவது கிழிந்தபோது அவருக்குச் சலிப்பு வந்துவிட்டது.

“நீங்க விடுங்க. நானே செஞ்சிருதேன்.”

“எப்பவும் நீங்களேதான் செய்வீங்களா?”

“வேற யாரு செய்வா?” கையில் வேலை நிற்கவில்லை. “ஆறு வருசம் ஆச்சு. ஒருத்தராவது வந்து, ஐயா, நான் பாத்துக்கிடுதேன், நீங்க செத்த படுங்கன்னு சொன்னதில்ல. இங்க வாறவங்களும் அப்படித்தான். தட்டை வச்சா காலியாகும். வடிவு எப்படி இருக்கான்னு கேப்பாங்க. இருக்கான்னு சொல்லுவேன். அத்தோட சரி.”

“நீங்க யாரையாவது கேட்டீங்களா?”

“என்னன்னு?”

“கொஞ்சம் வந்து பாத்துக்கோங்கன்னு.”

“கேட்டா வாறது உதவியா?”

நாச்சியாரம்மா விரலில் ஒட்டியிருந்த தயிரை வழித்தார்.

“முப்பது வருசம் ஏறுன பஸ்ஸுல எல்லாம் டிக்கெட்டைக் கேட்டவன்மா நான். வேற எதையும் யாருகிட்டயும் கேட்டுப் பழக்கமில்ல.”

பதினான்கு சுருள்கள் ஆயின. மாசிலாமணி அவற்றை ஈரத்துணியில் சுற்றி, மடத்தின் பழைய ஃபிரிட்ஜுக்குள் அடுக்கினார்.

“இப்பவே வெட்டினா என்ன?”

“குலைஞ்சு போவும். ஒரு மணி நேரம் குளிர்ல கிடக்கணும்.”

“அதுவரை?”

“வீட்டுல இருந்தா, அந்த நேரத்துல அவ துணியை அலசிப் போட்டுருவேன்.” சுற்றுமுற்றும் பார்த்தார். “இங்க என்ன செய்யணும்?”

“இங்க ஒன்னும் இல்ல.”

அவர் அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தார். எழுந்தார். நனைந்த துணியை மடித்து வைத்தார். கரண்டியைக் கழுவினார். மறுபடி உட்கார்ந்தார்.

பிறகு அவருக்கு எதுவும் நினைவில்லை.

*

மணிச் சத்தம் கேட்டு விழித்தார்.

கழுத்து வலித்தது. தலைக்குக் கீழே யாரோ ஒரு துண்டை மடித்து வைத்திருந்தார்கள். சுருள்கள் துண்டுகளாகித் தாம்பாளத்தில் இருந்தன. ஒன்று தடிமன், ஒன்று ஒல்லி. சில துண்டுகள் கோணலாக நின்றன. முதல் துண்டு ஏற்கெனவே விளக்கு முன்னால் போயிருந்தது.

“எழுப்பியிருக்கலாம்லம்மா.”

“கத்தி எனக்கும் பிடிக்கத் தெரியும். உருட்டத்தான் தெரியாது.”

மாசிலாமணி தாம்பாளத்தைத் தூக்கினார். நாச்சியாரம்மா அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“நான்தானே எப்பவும் பரிமாறுவேன்.”

“இன்னைக்கு நான் பரிமாறுதேன். நீங்க பந்தியில உக்காருங்க.”

“ஒன்னரை பஸ்ஸுக்குப் போகணும்.”

“மூணு மணிக்கு இன்னொன்னு இருக்கு. தங்கச்சி அங்கதானே இருக்காங்க? உக்காருங்க ஐயா.”

அவருக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை.

*

ஆறு வருடத்தில் அவர் அந்தப் பந்தியில் உட்கார்ந்ததே இல்லை. தாம்பாளத்தோடு நுழைவார், இலை இலையாக வைத்துக்கொண்டே போவார், அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்.

இன்று கடைசி இலை. வலது பக்கம் பூவம்மாள், அங்கன்வாடியில் ஆயாவாக இருந்தவள். அவளுக்கு அந்தப் பக்கம் ரைஸ்மில் பூதப்பாண்டி. அதற்கப்பால் இருபது பேர்.

முதலில் புளியோதரை வந்தது. ஒரு வாய் போட்டதும் மாசிலாமணிக்கு நாக்கு சுரீர் என்றது. கண்ணில் நீர் முட்டியது. அவியல், நார்த்தங்காய் ஊறுகாய், எல்லாமே அப்படித்தான் இருந்தன. நெடுநாள் மூடிக் கிடந்த ஒரு கதவை யாரோ தட்டுவது போல.

பிறகு நாச்சியாரம்மா தாம்பாளத்தோடு வந்தார். ஒவ்வொரு இலையிலும் மூன்று சுருள். வேகமாக வைத்துக்கொண்டே வந்து, கடைசி இலையிலும் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மாசிலாமணி ஒன்றை எடுத்து வாயில் போட்டார்.

மென்றார்.

இன்னொரு தரம் மென்றார்.

ஒன்றுமே இல்லை. ஈரத் தாளைச் சவைப்பது போல இருந்தது.

வடிவுக்கு ரத்தக் கொதிப்பு. உப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று சமைக்க முடியாமல், அவள் சாப்பிடுவதையே அவரும் சாப்பிட ஆரம்பித்தார். முதல் மாதம் கஷ்டமாக இருந்தது. பிறகு நாக்கு பழகிவிட்டது. பிறகு கையும் பழகிவிட்டது. உப்பு என்று ஒன்று இருப்பதே கைக்கு மறந்துபோனது.

அவர் பந்தியைப் பார்த்தார். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு முகமும் சுளிக்கவில்லை.

அப்போதுதான் அதைக் கவனித்தார்.

அந்தக் கோடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் வந்துகொண்டிருந்தது. இலைக்குப் பின்னால், தரையோடு தரையாக, கையிலிருந்து கைக்கு. வாங்குகிறவர் இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்துச் சுருள்மேல் தூவிவிட்டு அடுத்த ஆளுக்குத் தள்ளினார். யாரும் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பழகிய கைகள்.

பூதப்பாண்டி தூவிக்கொண்டு பூவம்மாளிடம் தந்தார். பூவம்மாள் தூவிக்கொண்டாள். சுண்டல் வருகிறதா என்று முன்னால் பார்த்தபடியே பொட்டலத்தை இடது பக்கம் நீட்டினாள்.

“ந்தா, போட்டுக்கிடுங்க.”

மாசிலாமணி வாங்கிக்கொண்டார்.

உப்பும் மிளகும் சேர்த்துப் பொடித்தது.

பூவம்மாள் திரும்பினாள். பக்கத்தில் இருப்பது யார் என்று அப்போதுதான் கண்டாள். கை இலைமேல் அப்படியே நின்றது.

“எத்தனை நாளா நடக்கு இது?”

பூதப்பாண்டிதான் சொன்னார்.

“மொதல்லேருந்தேதான், அண்ணாச்சி. பொட்டலத்துக்கு முறை வச்சிருக்கோம். இந்த மாசம் பூவக்கா. அடுத்த மாசம் நான்.”

“ஒருத்தரும் சொல்லலியே.”

இருவரும் இலையைப் பார்த்தார்கள்.

“சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா என்ன செய்வீய?” என்றாள் பூவம்மாள். குரல் தணிந்திருந்தது. “எங்களுக்கு உப்புப் போட்டு ஒன்னு, அவங்களுக்குப் போடாம ஒன்னுன்னு, ரெண்டாச் செய்வீய. உங்களுக்கு இருக்கது ஒரு உடம்பு.”

மாசிலாமணி கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

“சுருள் வேண்டாம்னு சொல்லிப் பாக்கலாம்னுதான் மொதல்ல நெனச்சோம். நீங்க தாம்பாளத்தைத் தூக்கிட்டு வாறப்ப மூஞ்சி ஒரு மாதிரி இருக்கும். அதுக்குப் பெறகு யாருக்கும் வாய் வரல.”

“வீட்டுக்கு வந்திருக்கலாம்.”

“வந்தேன். ரெண்டு தரம் வந்தேன். வாசல்லயே நின்னு, அவ தூங்குதா, எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டீய.”

அது அவருக்கு நினைவிருந்தது.

ஒரு சிட்டிகை எடுத்து இரண்டாவது சுருளின்மேல் போட்டார். சாப்பிட்டார். நிதானமாகச் சாப்பிட்டார். மூன்றாவதையும் சாப்பிட்டார்.

பந்தியின் அந்தக் கோடியில் நாச்சியாரம்மா மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். மாசிலாமணி அவரையே பார்த்தார். நாச்சியாரம்மா இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆட்கள் இலையை மடித்துவிட்டு எழ ஆரம்பித்தார்கள். பூதப்பாண்டி எழுந்தார். பூவம்மாள் ஒரு கையைத் தரையில் ஊன்றினாள்.

“பூவம்மா.”

அவள் நின்றாள்.

மாசிலாமணிக்கு வார்த்தை சேரவில்லை. மடிந்த இலையின் ஓரத்தைக் கிழித்தார். பஸ்ஸில் எத்தனை ஆயிரம் பேரை நிறுத்திக் கேட்டவர், ஒரே ஒரு வாக்கியத்துக்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

“செவ்வாக்கிழமை மத்தியானம், ஒரு மணி நேரம் வந்து, வடிவு பக்கத்துல யாராவது இருக்க முடியுமா? எனக்குத் தூங்கணும்.”

பூவம்மாள் எழுந்து முந்தானையை உதறினாள்.

“ரெண்டு மணிக்கு வரவா, மூணு மணிக்கு வரவா?”