ஆடாத பத்தி கேட்ட பூதம்

ஒரு ஊர்ல ஒரு பூதம் இருந்துச்சாம். தூக்கமே வராத பூதம். உன்னை மாதிரிதான், ஆனா உன்னைவிடக் கொஞ்சம் குண்டு.

"ம்."

அந்த ஊரு பேரு மூக்கணாம்பட்டி. அங்க ஒரு ஏரி, ஏரிக்கரையில ஒரு ஆலமரம், ஆலமரத்துக்குப் பின்னாடி ஒரு பள்ளிக்கூடம். பூதம் ஆலமரத்தடியிலதான் படுத்துக் கிடக்கும். அதால யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. ஊர்ப் பொம்பளைங்க அதோட தொந்தி மேல துணி காயப் போடுவாங்க. துணி காஞ்சதும் உதறி மடிச்சு எடுத்துட்டுப் போவாங்க. பூதம் ஒரு வார்த்தை பேசாது. அவ்வளவு நல்ல தூக்கம் அதுக்கு அப்போ.

"அப்புறம் ஏன் தூக்கம் போச்சு?"

சொல்றேன், அவசரப்படாத. அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தாமோதர வாத்தியாருன்னு ஒருத்தரு புதுசா வந்தாரு. சட்டைப்பையில பேனாவா குத்தி வச்சிருப்பாரு, எல்லாமே சிவப்பு. தெருவுல அவர் வந்தாருன்னா முதல்ல மீசை வரும், அப்புறம் செருப்புச் சத்தம் வரும், சரக் சரக் சரக், கடைசியிலதான் ஆளு வருவாரு.

"அம்மாவோட அப்பா மாதிரியா தாத்தா? அவங்களும் வாத்தியார்தானே?"

நான் சொல்லல. நீயா சொன்ன. நாளைக்கு உங்க அம்மா கேட்டா நீதான் சொன்னேன்னு சொல்லணும். கல்யாணப் பந்தியில எல்லாருக்கும் அப்பளம் வச்சு, எனக்கு மட்டும் தாண்டிப் போகச் சொன்ன மனுசன் அவரு. அதை நான் மறந்துட்டேன். கதைக்கு வா.

அந்தத் தாமோதர வாத்தியாரு பிள்ளைங்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக் குடுத்தாரு. என்ன சொல்லிக் குடுத்தாரு? "ஒரு பத்திக்குப் பத்து வரி. ஒவ்வொரு வரியும் தனியா எடுத்துப் பார்த்தா ஜொலிக்கணும். அவ்வளவுதான்"னாரு. பாவம், பிள்ளைங்க ஜொலிக்கிற வரிக்கு எங்க போகும்? வீட்டுல தினசரி காலண்டர் தொங்குதா, அதுல தாளுக்குத் தாளு அடியில ஒரு நல்ல வாக்கியம் போட்டிருப்பான். சர்ரு சர்ருன்னு கிழிச்சு எடுத்துட்டு வந்து வரிசையாப் பார்த்து எழுதிடும். அந்த ஊர்ல யார் வீட்டுலயும் நல்ல நாள் பார்க்கத் தாள் கிடையாது. பெரியவங்க முகூர்த்தம் பார்க்க அடுத்த ஊருக்குப் போனாங்க.

மழையைப் பத்தி ஒரு பையன் எழுதினான். கடைசி அஞ்சு வரி எப்படித் தெரியுமா? "மழை வானம் சிந்தும் முத்து. யானை பெரிய விலங்கு. தினமும் பல் துலக்குவோம். மெழுகுவர்த்தி தானே உருகும். இன்று கரிநாள்." அந்தக் கடைசி வரி காலண்டர்ல மேல இருந்ததாம், கை தவறி எழுதிட்டான். வாத்தியாரு அதுக்கும் சேர்த்து "மிக நன்று" போட்டாரு.

"பல்லு எதுக்கு அதுல?"

அதைத்தான் பூதமும் கேட்டுச்சு! அந்த வரிங்க எல்லாம் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கும், ஆனா ஒண்ணோட ஒண்ணு பேசாது. சண்டை போட்ட பங்காளிங்க ஒரே பந்தியில உக்காந்த மாதிரி இருக்கும். அதைப் பிள்ளைங்க தினமும் சத்தமாப் படிச்சா, ஆலமரத்தடியில இருக்கற பூதத்துக்கு எப்படி இருக்கும்? "மழை வானம் சிந்தும் முத்து"ன்னதும் அதுக்குக் கண்ணு சொருகும். "யானை"ன்னதும் திடுக்! தூக்கிப் போடும். எங்கேர்ந்துடா யானை வந்துச்சுன்னு சுத்திமுத்திப் பார்க்கும். மறுபடி கண்ணை மூடும். "பல்"லுன்னதும் திடுக்! தன் பல்லைத் தடவிப் பார்த்துக்கும். இப்படியே தூக்கம் கெட்டு, கண்ணு ரெண்டும் தக்காளி மாதிரி சிவந்து போச்சு.

அப்புறம் ஒருநாள் பூதம் எழுந்துச்சு. திங்கு திங்குன்னு நடந்து போயி ஏரி மதகு மேல உக்காந்துடுச்சு. மதகுன்னா ஏரித் தண்ணிய வயலுக்குத் தொறந்து விடற வாசல். அதை அடைச்சுக்கிட்டு மறியல். வயல்ல அப்போதான் நாத்து நட்டிருக்காங்க. ஒரு சொட்டு தண்ணி போகல.

ஊரே கரைக்கு ஓடி வந்துச்சு. "சாமி, எழுந்திரிங்க. நாத்து கருகுது"ன்னாங்க.

"மாட்டேன்"னுச்சு பூதம். "எனக்குத் தூக்கம் வேணும். ஒரே ஒரு பத்தி எழுதி எனக்குப் படிச்சுக் காட்டுங்க. ஆடக் கூடாது, தூக்கிப் போடக் கூடாது. நான் ம் கொட்டிக்கிட்டே தூங்கிடணும். தூங்கினா நானே உருண்டு போயிடுவேன். எவனாவது படிச்சு என்னைத் தூக்கிப் போட்டான்னா அவனை முழுங்கிடுவேன். உள்ள போனவன் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் உசுரோட இருப்பான். அதுக்கு மேல செரிச்சுடும், சொல்லிட்டேன்."

ஊர்க்காரங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. "பத்தி எழுதறது யாரு வேலை? வாத்தியாரைக் கூப்பிடு"ன்னாங்க. அதுல ஒருத்தன், "ஒருவேளை முழுங்கிட்டா?"ன்னான். "முழுங்கினா முழுங்கட்டும், நாத்தை நினைச்சுப் பாரு"ன்னான் இன்னொருத்தன்.

"ம்."

தாமோதர வாத்தியாரு வந்தாரு, சரக் சரக் சரக். தொண்டையைக் கனைச்சாரு. "தண்ணீர் தரணியின் தாலாட்டு!"ன்னாரு. பூதம் "ம்"னுச்சு. கண்ணு லேசா மூடுச்சு. "கல்வி கண்ணுக்கு மை!"ன்னாரு. திடுக்! "மயில் தோகை விரித்தாடும்!"ன்னாரு. திடுக்! "ஒற்றுமை ஓங்குக!"ன்னாரு. திடுக் திடுக்!

"யோவ், ஒரு வரியிலேர்ந்து அடுத்த வரிக்கு எப்படிய்யா போறது? நடுவுல பள்ளம் பள்ளமா இருக்கு. விழுந்து விழுந்து எனக்கு இடுப்பு போச்சு"ன்னு கத்திட்டு, லபக்! வாத்தியாரு உள்ள போயிட்டாரு. செருப்பு மட்டும் வெளிய.

"அழுதாரா?"

அழறதாவது! உள்ள இருந்துக்கிட்டு, "உனக்கு ரசனை இல்ல!"ன்னு பூதத்தைத் திட்டினாரு. அது தொந்திக்குள்ளேர்ந்து குடத்துக்குள்ள பேசின மாதிரி குபுகுபுன்னு கேட்டுச்சு.

அப்புறம் வகுப்புத் தலைவன் சேந்தன் முன்னாடி வந்தான். கெட்டிக்காரன்தான், ஆனா தன்னைக் கெட்டிக்காரன்னு ஊருக்கே சொல்லிக்கிட்டுத் திரியறவன். "சாருக்கு வரி ஒட்டல, நான் ஒட்டிக் காட்டறேன்"னான். ஒட்டுற வார்த்தையா உள்ளங்கையில எழுதிக்கிட்டான். வெயில் சுள்ளுன்னு அடிச்சுதா, தங்கச்சி வடிவோட புதுக் குடையை அவகிட்டக் கேக்காமலே பிடுங்கிட்டு, விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

"எங்கள் ஊரில் ஓர் ஏரி உள்ளது. ஆகவே என் அத்தைக்கு முழங்கால் வலி."

பூதம் யோசிச்சுச்சு. "ஏன்டா? ஏரியில வழுக்கி விழுந்தாளா?"

"இல்லீங்க. அத்தை வேற ஊரு. இருப்பினும் வாழைப்பழம் மஞ்சளாக இருக்கும். எனவே நான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன்."

பூதத்துக்குத் தலை கிர்ருன்னு சுத்துச்சு. "ஆகவேன்னியே, எதால ஆகவே? இருப்பினும்னியே, எது இருப்பினும்? கல்லுக்கும் கத்திரிக்காய்க்கும் நடுவுல கோந்து தடவினா கூட்டு ஆயிடுமாடா?"ன்னு கேட்டுட்டு, லபக்! குடையோட உள்ள போயிட்டான்.

"அய்யோ!"

அய்யோன்னுதான் வடிவும் கத்தினா. "என் குடை! என் குடை!"ன்னு கத்தினா. வாய்தான் குடைங்குது, அழுகை அண்ணனுக்கு. கண்ணுல தண்ணி தாரை தாரையா ஊத்துது. பொழுது வேற சாஞ்சுக்கிட்டிருக்கு. விளக்கு வச்சா அண்ணன் செரிச்சுப் போயிடுவான்ல?

"ம்."

வடிவு படிப்புல சுமாரு. காலண்டர் கிழிக்கக் கை எட்டாது, அதனால மார்க்கு வராது. அவ பேசாம நோட்டை எடுத்துக்கிட்டுப் பூதத்துக்கு எதிர்ல சம்மணம் போட்டு உக்காந்தா.

"வீட்டுலேர்ந்து எழுதிட்டு வரலையா?"ன்னுச்சு பூதம்.

"இங்கதான் எழுதப் போறேன். ஒரு வரி எழுதுவேன், படிப்பேன். நீ ம் கொட்டு. நீ எப்படிக் கொட்டுறேன்னு பார்த்துத்தான் அடுத்த வரி எழுதுவேன்."

இது நல்லாருக்கேன்னு பூதமும் சரின்னுடுச்சு.

"எனக்கு ஒரு குடை இருந்துச்சு."

"ம்."

"எங்க வீட்டு ஆடு குட்டி போட்டுச்சு."

பூதம் ஒத்தைக் கண்ணைத் தொறந்துச்சு. ஊரே பின்னாடி நகர்ந்துச்சு. "ஆடு எங்க வந்துச்சு?"

"இரு இரு, அடிச்சுடறேன்"னு சர்ருன்னு கோடு போட்டா. பூதத்தோட மூஞ்சியப் பார்த்தா. அது இன்னும் குடையத்தான் நினைச்சுக்கிட்டிருக்கு. "அந்தக் குடையை எங்க மாமா சந்தையில வாங்கித் தந்தாரு."

"ம்ம்." கண்ணு மூடிக்கிச்சு.

"சந்தையில ஒரு கிளி ஜோசியக்காரரு இருந்தாரு. அவரோட கிளி மிளகாப்பழம் தின்னுச்சு. மிளகாப்பழம் விக்கிற அம்மாவுக்கு ஒரு காது கேக்காது. அந்தக் காதுல அவங்க ஒரு பெரிய தோடு போட்டிருந்தாங்க."

"ம்... ம்... ம்ம்..." தலை தொங்குது, தொங்குது, வாய் ஓரமா எச்சில் ஒழுகுது. ஊரு மூச்சு விடல. திடீர்னு, திடுக்! "ஆமா, குடை என்னாச்சு?"

அய்யய்யோன்னு வடிவு பார்த்தா. ஒரு வரி அடுத்த வரி கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போயிருக்கு. ஆனா எல்லாமாச் சேர்ந்து குடையை நடுத்தெருவுல விட்டுட்டு எங்கயோ போயிடுச்சு. திருவிழாவுக்குப் போன கூட்டம் கைக்குழந்தையை விட்டுட்டுப் போன மாதிரி. அடிச்சா. கிளிய அடிச்சா, மிளகாய அடிச்சா, தோட்டையும் அடிச்சா. தோட்டை அடிக்க மட்டும் அவளுக்கு மனசே வரல.

"எங்க அண்ணன் அந்தக் குடையை என்கிட்டேர்ந்து பிடுங்கிட்டான்."

"ம்ம்."

அப்போ பார்த்து உள்ளேர்ந்து ஒரு குரல், குபுகுபுன்னு. "வெறும் குடையா? அழகே இல்ல! வானவில் வண்ணக் குடைன்னு போடு!"

திடுக்! "யாருடா அது உள்ள?"ன்னு பூதம் தன் தொந்தியையே குத்திக்கிச்சு.

வடிவு தொந்திக்கிட்டக் குனிஞ்சா. "சார், நீங்க இப்ப வயித்துக்குள்ள இருக்கீங்க. அங்க வகுப்பு எடுக்கக் கூடாது. அண்ணா, அவரு வாயைக் கொஞ்சம் பொத்து."

"வாத்தியாருங்கிற முறையி..."ன்னு வாத்தியாரு ஆரம்பிச்சாரு. அப்புறம் "ம்ப்ப்"ன்னு ஒரு சத்தம். அதோட அமைதி.

சூரியன் பனைமரத்து உச்சிக்கு இறங்கிடுச்சு. எந்த வீட்டுலயோ விளக்குத் திரி திரிக்க ஆரம்பிச்சிருப்பாங்க. வடிவும் சூரியனைப் பார்த்தா. ஆனா அவசரப்படல. ஒரு வரி எழுதுவா, பூதத்தோட ம் என்ன கேக்குதுன்னு கேப்பா, அதுக்குப் பதில் எழுதுவா.

"வெயில் சுடுதுன்னு பிடுங்கிட்டான்."

"ம்."

"இவ்வளவு வெயில் ஏன்னா, மழை பேஞ்சு ரொம்ப நாளாச்சு."

"ம்ம்."

"மழை இல்லாததால எங்க வயலு ஏரித் தண்ணிய நம்பித்தான் இருக்கு."

"ம்..."

"அந்தத் தண்ணி மதகுக்குப் பின்னாடி வந்து நிக்குது."

"ம்..."

"மதகு மேல தூக்கம் இல்லாத ஒரு பூதம் உக்காந்திருக்கு."

"ம்ம்ம்... பாவம்..."

"அந்தப் பூதத்தோட வயித்துக்குள்ளதான் என் குடையும், அதைப் பிடிச்சுக்கிட்டிருக்கற என் அண்ணனும் இருக்காங்க."

அவ்வளவுதான். அதுக்கு மேல கேக்கறதுக்குப் பூதத்துக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் வந்து சேர்ந்துடுச்சு. "ம்..."னுச்சு. அந்த ம் நீண்டுச்சு, நீண்டுச்சு, ம்ம்ம்ம்... கொர்ர்ர்ர்! அப்படியே சாஞ்சுச்சு. உருண்டுச்சு. தொபுக்கடீர்!

மதகு தொறந்துச்சு. சளசளசளன்னு தண்ணி வயலுக்கு ஓடுச்சு. பூதம் கரையில மல்லாந்து, வாயைக் குகை மாதிரி தொறந்துக்கிட்டுக் குறட்டை விட்டுச்சு. அந்த வாய்க்குள்ளேர்ந்து சேந்தன் தவழ்ந்து வந்தான், உடம்பெல்லாம் எச்சில். குடையை வடிவு கையில குடுத்துட்டு, தலைய நிமிர்த்தாம நின்னான். அவ குடையாலயே அவன் முதுகுல ரெண்டு வச்சா. அப்புறம் அவன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதா.

"வாத்தியாரு?"

அவரும் வந்தாரு. மீசை ரெண்டு பக்கமும் நனைஞ்ச பூனை வால் மாதிரி தொங்குது. வந்த மனுசன் என்ன செய்யணும்? அந்தப் பிள்ளைய ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லணுமா இல்லையா? சட்டைப்பையில கையை விட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தாரு. நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாரு. "ஒம்பது வரிதான் இருக்கு. ஒரு வரியாவது ஜொலிக்குதா? இத்தனை அடித்தல் வேற. அஞ்சு மார்க்கு"ன்னாரு.

சேந்தன் தலையை நிமிர்த்தினான். "சார், நீங்க உள்ள இருந்தப்ப நல்லா இருந்தீங்க"ன்னான்.

ஊர்ல ஒருத்தரும் சிரிக்கல. எல்லாரும் பூதத்தோட தொறந்த வாயைப் பார்த்தாங்க. அப்புறம் வாத்தியாரைப் பார்த்தாங்க. மறுபடியும் வாயைப் பார்த்தாங்க. ரெண்டு பேரு வேட்டிய மடிச்சுக் கட்டினாங்க.

வாத்தியாரும் அந்த வாயைப் பார்த்தாரு.

"சரி, பத்து"ன்னாரு.

அவ்வளவுதான் கண்ணு. பூதமும் தூங்கிடுச்சு, தண்ணியும் பாஞ்சிடுச்சு, இதுக்கு மேல முழிச்சிருந்தா கதைக்கு மரியாதை இல்ல. அந்தப் பக்கம் திரும்பிப் படு.