ஒரே வயலுக்கு இரண்டு சாசனங்கள்

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஹெர்விக் என்றொரு குட்டி அரசன் இருந்தான். ஒரு நாள் நடந்தால் அவன் நாடு முடிந்துவிடும். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுத்தர் ஆட்டுத்தோலில் சாசனம் எழுதி அடியில் சிலுவை போடுவார். அரசன் அதை விரலால் தொட்டால் நிலம் கைமாறிவிடும்.

ஆட்சியின் ஐந்தாம் ஆண்டில், போரில் தன் உயிரைக் காத்த காட்ரிக் என்ற வீரனுக்கு ஆற்றோர வயலை அப்படித்தான் கொடுத்தான். எல்லையை நடந்து காட்டிய அன்று வெயில் கொளுத்தியது. வடக்கு மூலை ஓக் மரத்தின் அடர்ந்த நிழலில் அரசனே உட்கார்ந்து இளைப்பாறினான். பத்தாம் ஆண்டில் அதே மரத்தில் இடி விழுந்தது. மழைக்கு ஒதுங்கியிருந்த காட்ரிக்கும் மரத்தோடு கருகிப் போனான்.

அவன் மனைவி லியோபா அழுது முடிப்பதற்குள் பக்கத்துக் கிறிஸ்தவத் துறவி மடத்தின் தலைவர் ஒரு சாசனத்தோடு வந்து நின்றார். வயல் மடத்துடையதாம். இரண்டாம் ஆண்டிலேயே அரசன் எழுதிக் கொடுத்துவிட்டானாம். முந்திய சாசனம் இருந்தால் பிந்தியது செல்லாது. அதில் கண்ட சாட்சிகள் ஒருவர் விடாமல் செத்துப்போயிருந்தார்கள். எவ்வளவு வசதி, பாருங்கள்.

சபையில் அரசன் நெளிந்தான். "எத்தனையோ சிலுவைகளைத் தொட்டிருக்கிறேன். எது எப்போது என்று யாருக்கு ஞாபகம்?"

லியோபா முன்னே வந்தாள். உயிரைப் பணயம் வைத்துக் காத்தவனுக்குச் செய்ததையே மறந்துவிட்டாரே இந்த மனிதர்! வயல் போனால் அதே மண்ணில் அவள் மடத்துக்குக் கூலியாகக் குனிய வேண்டும். அவளுக்கும் படிக்கத் தெரியாது. மடத்துச் சாசனத்தை உரக்கப் படிக்கச் சொன்னாள்.

எழுத்தர் படித்தார்: "தெற்கே ஆறு. கிழக்கே மேட்டுப் பாதை. வடக்கே இடி விழுந்து கரிந்த ஓக் மரம்..."

"நிறுத்துங்கள்" என்றாள் லியோபா.

கதையைக் கேட்டவர்களே, எதைக் கேட்டு அவள் நிறுத்தச் சொன்னாள்? வயல் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: பத்தாம் ஆண்டில் விழப்போகும் இடி, இரண்டாம் ஆண்டுச் சாசனத்துக்கு எப்படித் தெரியும்? ஐந்தாம் ஆண்டில்கூட அந்த மரம் அரசனுக்கு நிழல் தந்ததே. காட்ரிக் செத்த பிறகு எல்லையைப் பார்த்துவர மடம் அனுப்பிய ஆள், கண்ணில் பட்டதை அப்படியே எழுதிவிட்டான். வயல் லியோபாவுக்கே. அவமானம் தாங்காத அரசன் பொய்ச் சாசனத்தை நெருப்பில் போடச் சொன்னான். அவள் விடவில்லை. "வேண்டாம் அரசே. என் புருஷன் செத்த இடத்தை எல்லைக்கு அடையாளமாக எழுதியிருக்கிறார்கள். இது இந்தச் சபையிலேயே தொங்கட்டும். அடுத்த சிலுவையைத் தொடும் முன் ஒருமுறை இதைப் பாருங்கள்."