குறைவாக உட்காருபவருக்கு ஒரு மணை

"அம்மா, என்னை உட்காரச் சொல்லாதீங்க. உட்கார்ந்தா செத்துப்போயிடுவேன்."

தியானத்துக்கு எல்லாரும் அமர்ந்த பிறகும் வைரவநாதன் மட்டும் தூணோரம் நின்றார். மடத்துக்கு ஆறு வருஷமாக வருகிற சீடர். குருவான தவமணி அம்மையாரைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

"என்ன ஆச்சு ஐயா?"

"ஆபீசுல என் பக்கத்து நாற்காலி சபாபதி, நாற்காலியிலேயே போயிட்டாரும்மா. பத்து மணி நேரம் உட்கார்ந்தே இருந்தா உடம்புக்கு ஆகாதாம். டாக்டர் சொல்றாரு. அவர் பக்கத்துல நானும் முப்பது வருஷம் உட்கார்ந்திருக்கேனே!"

அன்றிலிருந்து பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் அவர் நின்றார். சாப்பாடும் நின்றபடிதான். "ஸ்டாண்டு போட்ட சைக்கிள் மாதிரி நிக்கிறீங்களே" என்று மனைவி குமுதவல்லி சொன்னபோதுகூடச் சிரிப்பு வரவில்லை. துடிக்கிறதா துடிக்கிறதா என்று நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். ஈசனே, இன்று ஒரு நாள் தாண்டட்டும் என்பதே பிரார்த்தனை.

அம்மையார் எழுந்து உள்ளே போனார். ஒரு மணைப்பலகையோடு வந்தார்.

"ஊருக்குள்ள போங்க. யார் யார் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உட்கார்றாங்கன்னு கேளுங்க. எல்லாரையும்விடக் குறைவா உட்கார்றவங்க யாரோ, அவங்ககிட்ட இதைக் கொடுத்துடுங்க."

வைரவநாதனுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. அப்படிப்பட்ட ஆள் நூறு வயது இருப்பார். அவர் வழியைப் பிடித்துக்கொண்டால் பிழைத்தோம்.

பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்று நாள் அலைந்தார்.

"பதினோரு மணி நேரம்" என்றார் தையல்காரர், மிஷினை நிறுத்தாமல்.

"வண்டியில ஒன்பது, வீட்டுல டிவி முன்னால மூணு" என்றார் பஸ் டிரைவர். "நின்னுக்கிட்டா சார் பஸ் ஓட்ட முடியும்?"

களை எடுக்கும் பெண்கள் இவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"நாங்க குனிஞ்சுக்கிட்டே இருக்கோமே, அது எதுல சேர்த்தி?"

ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் பெண் மெதுவாகச் சொன்னாள்.

"சாப்பிடுறப்ப இருபது நிமிஷம். அப்புறம் வீட்டுக்குப் போய்த்தான் சார்."

ஆள் கிடைத்துவிட்டது! பலகையை நீட்டினார்.

அவள் பதறிப்போனாள். "ஐயோ வேணாம் சார், உட்கார்ந்தா திட்டுவாங்க."

அவள் காலைப் பார்த்தார். வீக்கத்தில் கொலுசு சதைக்குள் பதிந்திருந்தது.

அவர் பலகையைத் திரும்பக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மடத்துக்கு ஓடினார்.

"உட்கார்ந்தாலும் பயம், நின்னாலும் பயம். நான் எங்கேம்மா போவேன்?"

"எல்லாரையும் கேட்டாச்சா?"

"ஊர் முழுக்கக் கேட்டாச்சு."

"வீட்டுல?"

"குமுதாவையா? அவளுக்கென்னம்மா, வீட்டுலயே உட்கார்ந்திருக்கிறவ."

அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார்.

வைரவநாதன் வெகுநேரம் காத்துப் பார்த்தார். கண் திறக்கவில்லை. பலகையோடு வீட்டுக்கு நடந்தார்.

நாலு மணிக்கு அடுக்களை வாசலில் வந்து நின்றார். எப்படியும் உட்காருவாள், நேரம் பார்த்துக்கொள்ளலாம் என்று கடிகாரத்தின் மேல் ஒரு கண்.

குமுதவல்லி பாத்திரம் தேய்த்தாள். துணி மடித்தாள். காப்பியை மேடையோரம் நின்றே குடித்தாள். விளக்கேற்றிக் கும்பிட்டாள். மாவைக் கரைத்தாள், தோசைக்கல்லை வைத்தாள்.

மணி ஏழு.

மேடையில் கையை ஊன்றிக்கொண்டு, ஒரு காலால் மற்றக் காலைத் தேய்த்தாள். சேலை கொஞ்சம் ஏறியது. கெண்டைக்காலில் நீலமாக, மண்புழுக்கள் சுருண்டது போல நரம்புகள்.

"குமுதா, இது எப்பலேர்ந்து?"

"எது? இதுவா? பெரியவன் பிறந்ததுலேர்ந்து."

பெரியவனுக்கு இருபத்தெட்டு வயது.

"வாசல்ல ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க, தோசை ஆறுது. நீங்க எப்ப உட்கார்ந்து சாப்பிடப் போறீங்களோ தெரியலை."

அவர் உள்ளே வந்தார். கக்கத்திலிருந்த பலகையை எடுத்துத் துண்டால் துடைத்தார். அவள் காலடியில் போட்டார். அவள் கையிலிருந்த தோசைத் திருப்பியை வாங்கிக்கொண்டார்.

குமுதவல்லி பலகையைப் பார்த்தாள். சட்டென்று சேலையை இறக்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தெருவாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க வந்திருக்காங்க?"